காலையில மொத ரெண்டு செகண்டு

சாவியில ரப்பர் பேண்டு போட்டு சுத்தி வெச்சிருக்கறது சர்வீஸ் பில்லு இல்ல, கடுதாசி. உன் நைனாதான் எழுதறேன். நாளைக்கு காலையில நீ திருப்பதியில மொத பஸ்ஸு புடிச்சி, புத்தலப்பட்டு கூட்ரோட்ல எறங்கி, நம்ம ஷெட்டுக்கு வந்து ஆணியில மாட்டியிருக்கற இந்த சாவிய எடுப்ப. எடுத்ததும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாத. அங்க கவுத்து போட்டிருக்கற டயரு மேல குந்திக்கினு இத முழுசா படி, அப்புறம் பண்ணு. நான் ஷெட்ல இருக்க மாட்டேன், எதிர் டீக்கடையில இருப்பேன். ஓடி ஒளிஞ்சிக்கினாருன்னு நீ நெனைச்சா அது தப்பு இல்ல. மூஞ்சிக்கு நேரா சொல்ற தெம்பு இருந்திருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருப்பேன். அப்ப ஒரு வார்த்தை போதும். இப்ப இத்தினி பக்கம் எழுத வேண்டியதா போச்சு.

விஷயத்த மொதல்லயே போட்டு ஒடச்சிடறேன். இந்த வண்டிய வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கொண்டாந்து காட்டுன. எஞ்ஜின்ல கோளாறு இருக்குதுன்னு எனக்கு தெரிஞ்சிது. தெரிஞ்சே, நல்லா இருக்குது எடுத்துக்கோன்னு சொன்னேன். உன் மாமனாரு மேல எனக்கு பொறாமை. வேற காரணம் கெடையாது. வண்டி அவரு பாத்து சொன்ன வண்டி, அவரு கையால வாங்கிக் குடுக்கப் போற வண்டி. அது நடுரோட்ல நின்னு அவரு மூக்கு ஒடையட்டும்னு நெனைச்சேன். அந்த வண்டியில நீயும் மருமகளும் இருப்பீங்கன்றத நெனைக்கல. பொய் சொல்ல வேணாம், நெனைச்சேன். நெனைச்சிட்டு அத ஒரு ஓரமா தள்ளி வெச்சேன்.

பொறாமை எனக்கு புதுசு இல்ல. உங்கம்மாவ கேட்டா லிஸ்டே போடுவா. நீ பத்தாவது படிக்கும்போது சித்தூர்ல கணக்கு டியூஷன் எடுத்தாரே ஒரு சாரு, அவரு பேரத்தான் நம்ம வூட்ல சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சொல்லிக்கினு இருப்ப. சாரு அப்படி சொன்னாரு, சாரு இப்படி சொன்னாரு. பாலிடெக்னிக் சேர்ற நேரத்துல, பையனுக்கு கை நல்லா ஓடுது, மெக்கானிக்கல் போடுங்கன்னு சாரு சொன்னாரு. உனக்கும் அதுதான் ஆசை. நான் இன்னா பண்ணேன்? எலக்ட்ரிகல்தான்னு ஒத்தக் கால்ல நின்னேன். மெக்கானிக்கல்ல சேந்தா காலம் முழுக்க என்னாட்டம் கிரீஸ்ல பொரளணும், எம்புள்ள அப்படி ஆவக்கூடாதுன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். நீயும் நம்பிட்ட. உள்ளுக்குள்ள இருந்தது வேற. எஞ்ஜின பத்தி எம்புள்ளைக்கு இன்னா நல்லதுன்னு சொல்ல வேற ஒருத்தன் எதுக்குன்ற கடுப்பு. அதே யோசனைய நானே மொதல்ல சொல்லியிருந்தா நீ இன்னிக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில பேனல் போர்டு முன்னாடி ஒக்காந்திருக்க மாட்ட. இத உங்கிட்ட இதுக்கு முன்னாடி சொன்னதில்ல. உங்கம்மாவுக்கு தெரியும். சொல்லாமலே தெரியும்.

அப்புறம் உன் கல்யாணம். அலிபிரி போற ரோட்ல பாத்திரக் கடை வெச்சிருக்கற மனுஷன், தெலுங்குக்காரரு, ஆனா நம்மாண்ட அழகா தமிழ் பேசறாரு, பொண்ணு நல்ல பொண்ணு, எனக்கு எந்தக் கொறையும் இல்ல. நான் சம்பந்தின்னு கூப்டா அவரு அவங்க வழக்கத்துல பாவகாருன்னு கூப்டுவாரு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு, மண்டபத்துல சாப்பாட்டு பந்தி வரைக்கும். உன் எலையில கத்திரிக்கா பொரியல் வெக்க வந்தவன நிறுத்தி, மாப்பிள்ளைக்கு கத்திரிக்கா ஆவாது, ஒடம்பு அரிக்கும், வெக்காதன்னு அவரு சொன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. உனக்கு கத்திரிக்கா ஆவாதுன்னு கண்டுபுடிச்சவன் நான். மூணு வயசுல ஒடம்பெல்லாம் தடிச்சி, உன்ன தோள்ல போட்டுக்கினு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் நான். அவரு நேத்து வந்து அத எலையில சொல்றாரு. உங்கம்மா என் மூஞ்சிய பாத்துட்டு, அவரு நல்லதுதானே சொன்னாரு, நீ எதுக்கு சாம்பார மொறைக்கறன்னு கேட்டா.

அதுக்கப்புறம் எல்லாத்துலயும் அவருதான். நீ ஸ்ரீசிட்டி வேலைக்கு போய்வர திருப்பதிதான் வசதின்னு அவங்க வூட்டு மாடியில குடி போன. சரி, நியாயம்தான். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை வந்துக்கினு இருந்தவன் பதினஞ்சு நாளுக்கு ஒரு தபா வந்த. வந்தாலும் பேச்செல்லாம் அங்க நடந்ததுதான். அப்புறம் ஒரு நாள், மாமா ஒரு டீசல் காரு பாத்திருக்கறாரு, தெரிஞ்சவங்க வண்டி, டர்போ எஞ்ஜினுன்னு சொன்ன பாரு, எனக்கு சோறு எறங்கல. முப்பது வருஷமா டீசல் எஞ்ஜின பிரிச்சி மாட்டறவன் இங்க இருக்கறேன். குண்டானும் அண்டாவும் விக்கறவரு கார் பாக்கறாரு. அவரு எனக்கே போன் பண்ணி, செல்லுல பாத்து படிச்சி காட்டினாரு. ஆயிரத்து இருநூத்து நாப்பத்தெட்டு சிசி, எழுபத்தஞ்சு குதிரை சக்தி, நூத்தித் தொண்ணூறு டார்க்கு, ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல. சஹஸ்ரநாமம் படிக்கற மாதிரி படிச்சாரு. டார்க்குன்றது எஞ்ஜினோட இழுவை, இன்னான்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பாரு. நான் கேக்கல. சரிங்க சம்பந்தி, நல்ல எஞ்ஜின்தான்னு மட்டும் சொல்லி வெச்சிட்டேன். நெஜமாவே அது நல்ல எஞ்ஜின்தான், அதுதான் இன்னும் கடுப்பு. ஒரே எஞ்ஜின மூணு கம்பெனிக்காரன் மூணு பேர்ல வண்டியில போட்டு வித்தான். ஒழுங்கா ஆயில் மாத்தினா ரெண்டு லட்சம், மூணு லட்சம் கிலோமீட்டர் அசராம ஓடும். மாத்தலன்னா அதுக்கு ஒரே ஒரு எடத்துல உயிர் போவும். அந்த எடம் எனக்கு தெரியும்.

ஒரு நாள் வெச்சிருந்து பாருங்கன்னு வண்டிக்காரங்க குடுத்தாங்கன்னு நீ சாயந்திரம் ஓட்டிக்கினு வந்த. எஞ்ஜின் சூடா இருக்கும்போது கேட்டா ஒண்ணும் தெரியாது, காலையில ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்னு நான்தான் சொன்னேன். காலையில நீ சாவிய திருப்பின. நான் பானெட்டுக்குள்ள தலைய விட்டிருந்தேன். மொத ரெண்டு செகண்டு கரகரன்னு ஒரு சத்தம். சங்கிலிய தகரத்து மேல இழுத்தா வர சத்தம். ரெண்டே செகண்டு, அப்புறம் நின்னு போச்சு, எஞ்ஜின் வெண்ணை மாதிரி ஓடுது. வேற எவன் கேட்டிருந்தாலும் அது காதுல விழுந்திருக்காது. எனக்கு விழுந்துச்சு. டைமிங் செயின் தொங்கிப் போச்சு. நிமிந்து, டேய் இது வேணாம், செயின் போயிருக்குதுன்னு சொல்றதுக்கு வாய் தொறக்கறேன், உன் போன் அடிச்சிது.

செல்லுல உன் மாமனாரு போட்டோ வந்தத பாத்துட்டேன். நீ பேசிக்கினே போர் பம்புக்கு அந்தாண்ட போன. எஞ்ஜின் ஓடிக்கினு இருக்குது, நீ பேசறது முழுசா கேக்கல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெளிவா கேட்டுச்சு. நைனா. கொஞ்சம் கழிச்சி மறுபடியும், நைனா. மூணாவது தபா சிரிச்சிக்கினே சொன்ன, நைனா. மருமக அவங்கப்பாவ நான்னான்னு கூப்டறா, அது அவ பாஷை. உனக்கு மாமான்னு ஒரு வார்த்தை இல்லியா? எனக்கு இருக்கறது அந்த ஒரு பேருதான்டா. நகரிப் பக்கத்துலருந்து வந்த நம்ம ஆளுங்கள தவிர அப்பாவ நைனான்னு கூப்டறவன் இந்த ரோட்ல யாரு இருக்கறான்? அத தூக்கி அவருக்கு குடுத்துட்டியேன்னு வயிறு எரிஞ்சிது. நீ திரும்பி வந்து, இன்னா நைனா, எப்படி இருக்குதுன்னு கேட்ட. அதே வார்த்தை. எனக்கு ஏதோ எச்சில் பண்ணி குடுத்த மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்குது, எடுத்துக்க சொல்லு உன் மாமனாரன்னு சொன்னேன். பானெட்ட எறக்கி சாத்தினேன். நெனைச்சதவிட சத்தமா சாத்திட்டேன்.

நீ எலக்ட்ரிகல் படிச்சவன் (நான் படிக்க வெச்சவன்), அதனால அந்த செயின பத்தி சொல்றேன். கீழ கிராங்க்கு சுத்துது, மேல கேமு சுத்தி வால்வ தொறந்து மூடுது. ரெண்டையும் ஒண்ணா சுத்த வெக்கறது அந்த செயினு. அது தொங்காம ஒரு டென்ஷனரு தள்ளிக்கினே இருக்கும், ஆயில் பிரஷர்ல. ராத்திரி நின்ன வண்டியில ஆயில் கீழ எறங்கிப் போயிருக்கும். காலையில பிரஷர் ஏற ரெண்டு செகண்டு ஆவும். செயின் நீண்டு போயிருந்தா அந்த ரெண்டு செகண்டு காட்டிக் குடுத்துடும். அப்படியே ஓட்டினா ஒரு நாள் செயின் ஒரு பல்லு தாண்டும், வால்வு போயி பிஸ்டன்ல இடிக்கும், எஞ்ஜின் ஓடிக்கினு இருக்கும்போதே செத்துடும். செத்தா பிரேக்க லேசா மிதிக்க வெக்கற வாக்குவமும் போச்சு. ரெண்டு மிதி கேக்கும், மூணாவது மிதி கல்லு. சமவெளி ரோட்ல ஓரம் கட்டிடலாம். மலையில எறங்கும்போது ஆச்சுன்னா இன்னா ஆவும்னு நான் எழுத விரும்பல. இதெல்லாம் தெரிஞ்சவன்தான் நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.

அப்புறம் ரெண்டு மாசம் நான் இருந்தது மனுஷன் இருக்கற மாதிரி இல்ல. போன் பண்ணும்போதெல்லாம் வண்டி எப்படி ஓடுதுன்னு கேப்பேன். சூப்பரா ஓடுது நைனா, லிட்டருக்கு இருவது குடுக்குதுன்னு நீ சொல்லுவ. நல்லதுடா கண்ணுன்னு சொல்லிட்டு வெச்சிடுவேன், அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேச புடிக்காது. நின்னிருக்க கூடாதான்னு இருக்கும். நின்னிருந்தா இன்னா ஆயிருக்கும்னு ஒடனே பயமா இருக்கும். ரெண்டும் மாறி மாறி வரும். ஒரு தபா நீங்க ரெண்டு குடும்பமும் சேந்து அதே வண்டியில திருமலைக்கு போனீங்களே, என்னையும் உங்கம்மாவையும் கூப்ட்டீங்க, நான் முட்டி வலின்னு நின்னுட்டு அவள மட்டும் அனுப்பினேன். முட்டி வலி இல்ல. நீங்க மலை எறங்கற நேரத்துக்கு போன கையில வெச்சிக்கினு உன் நம்பர ரெண்டு தபா போட்டு போட்டு கட் பண்ணேன். இன்னான்னு சொல்லுவேன்? வண்டிய நிறுத்துடா, நான் பொய் சொன்னேன்னா? சாயந்திரம் சந்திரகிரி தாண்டிட்டோம்னு உங்கம்மா போன் பண்ணப்புறம்தான் தண்ணி குடிச்சேன். அவ லட்டு கொண்டாந்து குடுத்தா. துன்னேன். அத துன்னும்போது, வண்டிக்கு ஒண்ணுமே ஆவலியேன்னு எங்கியோ ஒரு மூலையில கடுப்பா இருந்துச்சு. எங்குடும்பம் மொத்தமும் அந்த வண்டியில இருந்துச்சு, எனக்கு அந்தக் கடுப்பும் இருந்துச்சு. இதவிட கேவலமா ஒண்ணு எங்கிட்ட இல்ல, அதனால இதையும் எழுதிட்டேன்.

போன வாரம் நீ கம்பெனியில பூனாவுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்ன. ரயில்ல சாமான் அனுப்பிட்டு நானும் அவளும் கார்லயே போறோம், ரெண்டு நாள்ல போயிடலாம்னு சொன்ன. எப்படியாவது வண்டிய இங்க வரவெக்கணும், இன்னா சொல்லி வரவெக்கறதுன்னு மூணு நாள் மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தேன். கோளாறுன்னு சொன்னா, அன்னிக்கு நல்லா இருக்குதுன்னியேன்னு கேப்ப. நான் ஒண்ணும் சொல்லாம இருக்கும்போதே வியாழக்கெழமை காலையில வண்டி ஷெட்டாண்ட வந்து நின்னுச்சு. எறங்கினது உன் மாமனாரு. அலிபிரியிலருந்து இங்க வரைக்கும் மூணாவது கியருக்கு மேல போடாம வந்திருக்கறாரு. வெள்ளை சட்டை முதுகெல்லாம் வேர்வை.

"பாவகாரு, பிள்ளைங்க பூனா போறாங்க. தூரம். ஷோரூம்லயே விடலாம்னு எம்பையன் சொன்னான், நான் ஒத்துக்கல. நீங்க பாத்தா போதும்" அப்படின்னாரு.

"இங்க கம்ப்யூட்டர் ஸ்கேனரு எல்லாம் இல்ல சம்பந்தி" அப்படின்னேன். வேணும்னேதான் சொன்னேன்.

"எனக்கு தேவையில்ல. நாப்பது வருஷமா பாத்திரம் விக்கறேன். தட்டினா சத்தத்துல சொல்லிடுவேன், ஒட்டு போட்டதா நல்லதான்னு. காதோட அருமை எனக்கு தெரியும்." சொல்லிட்டு சிரிச்சாரு. "அன்னிக்கு போன்ல மாப்பிள்ளை இன்னா சொன்னாரு தெரியுமா? அட்வான்ஸ் குடுத்துடட்டுமான்னு நான் கேட்டேன். இருங்க மாமா, நைனா கேட்டுக்கினு இருக்கறாரு. நைனா சரின்னாத்தான் சரி அப்படின்னாரு. வண்டி பாக்க நல்லாத்தானே இருக்குதுன்னு சொன்னேன். அதுக்கு சிரிச்சாரு. பாக்கறதுல இன்னா இருக்குது மாமா, நைனா காதுக்கு தப்பின சத்தம் எந்த எஞ்ஜின்லயும் இல்ல அப்படின்னாரு. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் நாங்க அந்த வண்டிய வாங்கினோம்."

கையில பன்னெண்டு நம்பர் ஸ்பேனரு இருந்துச்சு. அத எங்க வெக்கறதுன்னு தெரியாம சட்டை பாக்கெட்ல வெச்சேன். மூணு நைனா. மூணும் என்னைத்தான். நம்ம பேச்சுல கூப்ட்டாலும் நைனாதான், நைனா சொன்னாருன்னு சொன்னாலும் நைனாதான், அந்த வார்த்தைக்கு முன்ன பின்ன இருக்கறது காதுல விழுந்தாத்தான் எதுன்னு தெரியும். முன்ன பின்ன இருந்தத எஞ்ஜின் சத்தம் துன்னுடுச்சு. செயின் ரெண்டு செகண்டு கரகரன்னத சரியா கேட்ட காது, பெத்த புள்ள பேசினத தப்பா கேட்டுடுச்சு. நீ அவருகிட்ட மாமான்னுதான் கூப்ட்டுக்கினு இருந்திருக்கற. வண்டிய தேர்ந்தெடுத்தது அவரு இல்ல, நான்.

அவருகிட்ட அப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல. வயசான வண்டி சம்பந்தி, தூரம் போறதுக்கு முன்னாடி செயின் செட்டு மாத்திட்டா நிம்மதின்னு சொன்னேன். பாத்தீங்களா, பிரிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கினீங்கன்னு அதுக்கும் என்னை பாராட்டினாரு. முன்பக்க கவர பிரிச்சா டென்ஷனரு தன்னால முடிஞ்ச மட்டும் வெளிய வந்து நிக்குது, அதுக்கு மேல தள்ள எடம் இல்ல. செயின் ஒரசி ஓடற பிளாஸ்டிக் பட்டைய அது அறுத்து குழி போட்டிருக்குது. பூனாவ விடு, இங்கயே ஓடியிருந்தாலும் எனக்கு தெரிஞ்சி இன்னும் ஒரு மாசம் கூட தாங்கியிருக்காது. ஆயில் கசடாட்டம் கருப்பு. பழைய ஓனரு மாத்தவே இல்ல. நான் அத பாத்துக்கினு இருக்கும்போது உன் மாமனாரு எம்பின்னாடி நின்னு, நல்ல வேளை பாவகாருன்னாரு. நான் திரும்பி பாக்கல.

அப்புறம் நடந்த கூத்த சொல்லணும். சித்தூர் கடைக்கு போன் போட்டு, இன்ன எஞ்ஜினு, செயின் செட்டு அனுப்புன்னு சொன்னேன். மூணு கம்பெனி வண்டியிலயும் ஒரே எஞ்ஜினுதானே, எந்த டப்பா வந்தாலும் செட்டு ஆவும்னு என் திமிரு. வெள்ளிக்கெழமை பஸ்ஸுல வந்துச்சு. செயின் சரி, டென்ஷனரு ஒக்கார மாட்டேங்குது. தொண்ணூறு குதிரை எஞ்ஜினுக்கு வர செட்டு அது. டர்போ வேற, உள்ள சில சாமான் வேற. பேரு ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நெனைச்சிட்டேன், மறுபடியும். எஞ்ஜின் நம்பர சொல்லுங்க, அதுக்கு பாத்து அனுப்பறேன்னான் கடைக்காரன். பிளாக்குல அடிச்சிருக்கற நம்பரு கிரீஸுக்கு அடியில சின்னதா இருக்குது, எங்கண்ணுக்கு தெரியல. உன் மாமனாரு கண்ணாடிய ஏத்திக்கினு, வெள்ளை சட்டையோட அடியில குனிஞ்சி, ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. அவரு படிக்க நான் எழுதினேன். அன்னிக்கு செல்லுல நம்பர் படிச்சவர நான் இன்னா நக்கல் பண்ணேன். அந்த நம்பருக்குத்தான் சரியான செட்டு வந்துச்சு. சட்டையில பட்ட ஆயில் போவாதுன்னு சொன்னேன், போவட்டும் பாவகாருன்னாரு. மூணு நாளும் கடைய பையன்கிட்ட விட்டுட்டு காலையில வந்து சாயந்திரம் போனாரு. உங்கம்மா சாப்பாடு போட்டா. மூணு நாளும் கத்திரிக்கா வெக்கல. நீ இல்லாத எடத்துலயும் அவ அத மறக்கல, அவரும் கவனிச்சாரு.

இவ்வளவு ஆனப்புறம் எனக்கு பொறாமை போயிடுச்சின்னு எழுதினா அழகா இருக்கும். போவல. ஷெட்ல அவரு உன்ன பத்தி பேசும்போது எனக்கு தெரியாதது ரெண்டு விஷயம் அவருக்கு தெரிஞ்சிது. நீ காலையில அவரு கடையில அரை மணி நேரம் ஒக்காந்துட்டுத்தான் வேலைக்கு போவியாம். பித்தளை பாலீஷ் பண்ண கத்துக்கினியாம். எங்கிட்ட சொல்லவே இல்ல. அத கேக்கும்போது போல்ட்ட கொஞ்சம் அதிகமாவே முறுக்கிட்டேன், தளத்தி மறுபடியும் அளவா முறுக்க வேண்டியதா போச்சு. இது எங்கூடவே இருக்கற நோய், சாவற வரைக்கும் இருக்கும் போல. ஆனா ஒண்ணு உங்கிட்ட சொல்லிக்கறேன். எதுமேலயாவது, யார்மேலயாவது உனக்கு இப்படி எரிஞ்சிதுன்னா அன்னிக்கே வாய விட்டு சொல்லிடு. யாரடா நைனான்னு கூப்ட்டன்னு நான் அன்னிக்கு போர் பம்பாண்ட வந்து கேட்டிருந்தா, உன்னைத்தான் நைனான்னு நீ சொல்லியிருப்ப, ரெண்டு பேரும் சிரிச்சிட்டு டீ குடிக்க போயிருப்போம். நாளைக்கு உனக்கு ஒரு புள்ள பொறக்கும். அது யாரையாவது தலையில தூக்கி வெச்சிக்கினு ஆடும். ஆடட்டும். நான் அந்த டியூஷன் சாரு விஷயத்துல பண்ணத நீ பண்ணாத.

வண்டி விஷயம். ஃபுல் சிந்தெட்டிக் ஆயில் ஊத்தியிருக்கறேன், ஃபைவ் டபிள்யூ தர்ட்டி. வேற எவன் எது நல்லதுன்னாலும் கேக்காத. புத்தகத்துல எழுதியிருக்கறத விட முன்னாடியே, ஏழாயிரம் எட்டாயிரத்துலயே மாத்திடு. பூனா போற வழியில மேடு ஏறி முடிச்சி டீக்கு நிறுத்தினா, நிறுத்தின ஒடனே சாவிய திருப்பாத, ஒரு நிமிஷம் சும்மா ஓட விடு. டர்போ அப்ப தீயா சுத்திக்கினு இருக்கும், சட்டுன்னு ஆயில நிறுத்தினா உள்ளயே கருகிடும். மருமக எறங்கட்டும், நீ ஒக்காந்திரு. அங்க எவனாவது இன்ஜெக்டர் மாத்தணும்னு சொன்னா, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு நம்பர் இருக்குது, அத கம்ப்யூட்டர்ல ஏத்தாம மாட்ட விடாத. நம்பரோட அருமை எனக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்குது.

இப்ப எழுந்து போயி பானெட்ட தூக்கி வெச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு. நேத்து சாயந்திரம் நிறுத்தினது, எஞ்ஜின் நல்லா ஆறியிருக்கும். மொத ரெண்டு செகண்டு காது குடு. என்னை நம்பி எடுத்துக்கினு போவாத, ஒரு தபா நம்பினதுக்கு நான் பண்ணது போதும். நீயே கேளு. ஒண்ணும் கேக்கலன்னா கெளம்பு. கரகரன்னு துளி கேட்டாலும் சாவிய ஆணியிலயே மாட்டிட்டு டீக்கடைக்கு வா. ஒண்ணும் கேக்கலன்னாலும் வந்தா சந்தோஷம். வர புடிக்கலன்னா ஹாரன் மட்டும் அடிச்சிட்டு போ, அதுவும் வேணாம்னு தோணுச்சின்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது.

திருப்பதி போனதும் இத உன் மாமனாருகிட்ட குடு. அவருக்கு தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீதான் படிச்சி காட்டணும். ஒரு வரியும் விடாத, லட்டு விஷயத்தையும் சேத்து. அவரு கடைக்கு மறுபடி நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்னு தெரியல, ஆனா அவரு அந்த ஆயில் சட்டைய போட்டுக்கினு என்னை நல்லவன்னு நெனைச்சிக்கினு இருக்கறத என்னால தாங்க முடியல. படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வேற ஒண்ணும் சொல்ல வேணாம். நைனா எழுதிக் குடுத்தாருன்னு மட்டும் சொல்லு. எந்த நைனான்னு அவரு கேக்க மாட்டாரு. அன்னிக்கு போன்லயும் அவரு கேக்கல.